தோள்பட்டை மூன்று முறை கழன்ற பிறகு

முதல் முறை கழன்றபோது எனக்கு 19 வயது. மன்னார்குடி பக்கம் ஓர் ஊரில் ராத்திரி கபடி மேட்ச். ரைடு போய்த் திரும்பும்போது கோட்டைத் தொட வலது கையை நீட்டிப் பாய்ந்தேன். இடுப்பைப் பிடித்தவன் ஒரு பக்கம் இழுக்க, நீட்டிய கையின் மேல் இன்னொருவன் விழுந்தான். எழுந்து உட்கார்ந்தால், உருண்டையாக இருக்க வேண்டிய தோள் சப்பையாகக் கிடந்தது. முன்பக்கம் அக்குளுக்கு மேலே ஒரு புடைப்பு.

ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஒரு இழுப்பு இழுத்தா உக்காந்துரும்" என்று கையைப் பிடிக்க வந்தார். எங்கள் கேப்டன் அண்ணன்தான் தடுத்தார். "தொடாதீங்க பெரியப்பா, உள்ள எலும்பு ஒடஞ்சிருந்தா என்ன பண்றது?" அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். கையைத் துண்டால் மார்போடு கட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

மருத்துவர் முதலில் தோளுக்குக் கீழே, கையின் வெளிப்பக்கத்தில் பஞ்சால் தடவி, "தெரியுதா தம்பி?" என்று கேட்டார். மூட்டைச் சுற்றிப் போகும் நரம்பு இழுபட்டிருந்தால் அந்த இடம் மரத்துப்போகுமாம். அப்புறம் எக்ஸ்ரே. முறிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் வலிக்கு ஊசி போட்டு, குப்புறப் படுக்கவைத்து, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு எடை கட்டினார்கள். யாரும் வெடுக்கென்று இழுக்கவில்லை. தசை தளரத் தளர, ஒரு கட்டத்தில் 'களுக்' என்று உள்ளே போய் உட்கார்ந்தது. அந்த நொடியே பாதி வலி போய்விட்டது. மறுபடி எக்ஸ்ரே எடுத்து, கைத்தொட்டில் மாட்டி, மூன்று வாரம் கழற்றக் கூடாது என்றார்கள்.

நான் பத்தாம் நாளே கழற்றினேன். வலி இல்லையே என்ற தைரியம். அடுத்த ஆண்டு, பஸ்ஸில் மேலே வைத்த பையை எடுக்கும்போது கழன்றது. மூன்றாம் முறை தூக்கத்தில், கையைத் தலைக்கு மேல் போட்டுப் புரண்டபோது. அன்றைக்கு அம்மா அழுததைப் பார்த்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனேன்.

எலும்பு மருத்துவர் என் கையை மேலே தூக்கி, பந்து எறியும் வாக்கில் மெல்லப் பின்னால் சாய்த்தார். அப்போது அவர் தோளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதறியதும் நிறுத்திவிட்டார். ஸ்பூனில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரிதான் தோள் மூட்டு என்றார். பெரிய பந்து, சின்னக் குழி. குழியின் விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு வளையம்தான் பந்தைப் பிடித்து வைக்கிறது. எனக்கு அது முன்பக்கம் கிழிந்திருந்தது. இளம் வயதில், அதிலும் உடம்போடு உடம்பு மோதும் ஆட்டத்தில், ஒருமுறை கழன்றால் மறுபடி கழல வாய்ப்பு மிக அதிகம் என்பதை முதல் நாளே யாராவது எனக்கு உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம்.

குழியின் எலும்பு அதிகம் தேய்ந்திருந்தால் எலும்புத் துண்டு வைத்துத் திருகும் பெரிய அறுவை தேவைப்பட்டிருக்கும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை; சிறு துளைகள் வழியே கிழிந்த வளையத்தை எலும்போடு தைத்தார்கள். 2021 மார்ச்சில் புனேயில் ஃபீல்டிங் செய்யும்போது தோளில் அடிபட்ட ஸ்ரேயாஸ் ஐயர், ஏப்ரலில் அறுவை செய்துகொண்டு செப்டம்பரில் ஐ.பி.எல். ஆடினார். அதைப் படித்துத்தான் எனக்கும் தெம்பு வந்தது.

அறுவையை விட அதற்குப் பிந்தைய மாதங்கள்தான் கஷ்டம். நான்கு வாரம் சாய்ந்து உட்கார்ந்தே தூக்கம். பிறகு குனிந்து நின்று கையை ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது, சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றுவது, ரப்பர் பட்டை இழுப்பது. நேற்று எட்டிய உயரம் இன்று எட்டாது. பிசியோ அக்கா சுவரில் தேதி போட்டுப் பென்சிலால் கோடு கிழிப்பார். ஒரு வாரம் முழுக்க நான்கு கோடுகள் ஒரே இடத்தில் விழுந்தன. ஐந்தாவது, ஒரு விரற்கடை மேலே.

ஆறாம் மாதம் மருத்துவர் மறுபடி கையைத் தூக்கிப் பின்னால் சாய்த்து, முகத்தைப் பார்த்தார். "பயமா இருக்கா?" இல்லை என்றேன். "சரி, மொதல்ல பயிற்சிக்குப் போ, மேட்ச் அப்புறம்" என்றார்.