உளவளத்துணையும் என் ஐயமும்

புலம்பெயர்ந்த நாட்டில் உடம்புக்கு வரும் நோயைக் குடும்ப வைத்தியரிடம் சொல்ல நாம் விரைவில் பழகிவிடுகிறோம். மனம் சோர்ந்திருக்கிறது என்று சொன்னால் அவர் உளவளத்துணையாளர் ஒருவரிடம் பேச அனுப்பிவைப்பார் என்பதுதான் பலருக்குப் புதிய அனுபவம். என்னையும் அவ்வாறே அனுப்பினார்கள். சென்று பேசிய பிறகும் பேச்சுச் சிகிச்சையின் பயன் குறித்து எனக்கிருந்த ஐயம் முழுவதும் நீங்கவில்லை.

அங்கே முதலில் தரப்பட்டது, மனச்சோர்வின் அளவைக் கணிக்கும் பிஎச்கியூ-9 என்னும் கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கக் குறைவு, களைப்பு, பசியின்மை, கவனச் சிதறல் போன்றவை எவ்வளவு தொல்லை தந்தன என்று அதில் ஒன்பது கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், கூட்டினால் அதிகபட்சம் 27. நான் அப்போது இரவுப் பணியில் இருந்தேன். வதிவிட உரிமைக்கான விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் இருந்தது. ஆகவே தூக்கத்துக்கும் களைப்புக்கும் கவனத்துக்கும் உயர்ந்த மதிப்பெண்களையே இட்டேன். ஏன் தூங்கவில்லை என்று அந்தத் தாள் கேட்கவில்லை. காரணத்தை விசாரிப்பது எதிரில் இருப்பவரின் பொறுப்பு என்பது உண்மைதான். ஆனால் எதிரில் இருந்தவரோ என் எண்ணங்களை ஆராயத் தொடங்கினார். விண்ணப்பம் மறுக்கப்படும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் என்ன என்று பொறுமையாகவும் அன்பாகவும் கேட்டார். ஆதாரம் இருந்தது: என்னைப் போன்றே விண்ணப்பித்த சிலருக்கு மறுப்புக் கடிதம் வந்திருந்தது. எண்ணங்களை ஆதாரத்தோடு சோதித்துப் பார்க்கும் இந்த முறை, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கியது; மிகையான அச்சத்தை அளவுக்குக் கொண்டுவருவதில் வல்லது. அச்சம் மிகையாக இல்லாதபோது அதனால் என்ன செய்ய முடியும் என்பதே என் கேள்வி.

இந்த ஐயம் புதிதன்று. நியூரோசிஸ் (பதற்றமும் அச்சமும் சார்ந்த மனக்கோளாறு) என்று அக்காலத்தில் வகைப்படுத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்று உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் 1952இல் எழுதினார். அதற்கு மறுமொழியாக, 375 ஆய்வுகளைத் தொகுத்த ஆய்வாளர்கள் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும், சிகிச்சை பெற்ற சராசரி மனிதர் பெறாதவர்களில் 75 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருப்பதாக 1977இல் காட்டினார்கள். இரண்டையும் படித்த பிறகு, பேச்சு பயனற்றது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எந்தப் பேச்சு, எவருக்கு, எப்போது என்று கேட்காமல் எல்லோருக்கும் ஒரே சீட்டாக எழுதிக்கொடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அகதிகளாக வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடியானது. பேரிடர் நடந்த உடனே ஒருவரை அமரவைத்து, நிகழ்ந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை பிற்கால உளநோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை. அதனால் தீங்கு நேரக்கூடும் என்றும் ஆய்வுகள் எச்சரிக்கின்றன. ஆனால் யுகாண்டாவில் வாழ்ந்த சூடான் அகதிகள் 43 பேரைக் கொண்டு நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், வாழ்க்கைக் கதையை வரிசைப்படுத்தி, கொடுமை நிகழ்ந்த தருணங்களை நிதானமாகச் சொல்லவைக்கும் சிகிச்சையைப் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பிறகு 29 விழுக்காட்டினருக்கே நெருக்கீட்டு நோய் (கொடுமையான அனுபவத்துக்குப் பின் தொடரும் மனப்பாதிப்பு, பிடிஎஸ்டி) நீடித்தது. ஆறுதல் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் அது 79 விழுக்காடாக இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் பரிவோடு கேட்பது மட்டுமே சிகிச்சையாகிவிடாது என்பதை அது எனக்கு உணர்த்தியது.

மொழிபெயர்ப்பாளர் என்னும் மூன்றாம் நபரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சமூகம் சிறியது. அறையில் இருப்பவரை நாளை ஒரு திருமண வீட்டில் சந்திக்க நேரலாம். இரகசியம் காப்பது அவருடைய தொழில் நெறி என்று தெரிந்திருந்தும் பலர் வாய் திறப்பதில்லை. அப்படிப்பட்ட அமர்வின் தோல்வியைச் சிகிச்சையின் கணக்கிலும் எழுத முடியாது, நோயாளியின் கணக்கிலும் எழுத முடியாது.

புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்கும்போது, கொடுங்கனவும் பழைய காட்சிகளும் வாட்டினால் தயங்காமல் செல்லுங்கள், ஆனால் எந்த முறையில் சிகிச்சை தருகிறார்கள், அதன் இலக்கு என்ன என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள் என்கிறேன். மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருந்தால் வேறொருவரைக் கேட்கத் தயங்க வேண்டாம். துயரத்தின் வேர் விண்ணப்பத்திலோ வாடகையிலோ இரவுப் பணியிலோ இருக்குமானால், அதே வாரத்தில் ஒரு வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ தேடிச் செல்லுங்கள் என்றும் சொல்கிறேன்.