வாங்குபவரின் கல்லாப்பெட்டி

மின்துறைச் சீர்திருத்தத்தின் வரலாறு பெரும்பாலும் 1982-இல் சிலி இயற்றிய மின்சாரச் சட்டத்திலிருந்துதான் சொல்லப்படுகிறது. உற்பத்தியையும் பகிர்மானத்தையும் தனித்தனியாகப் பிரித்து, உற்பத்தியில் போட்டிக்கு இடம்கொடுத்த வழி அது. ஆனால் 1990-களில் மின்வெட்டில் தவித்த வளரும் நாடுகள் பலவும் தனியார் மின்நிலையங்களை வரவழைத்து, அவற்றின் மின்சாரத்தை அரசு நிறுவனமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு நின்றுவிட்டன. அதைச் சீர்திருத்தம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி மின்கொள்முதல் ஒப்பந்தம். அதன்படி வரும் மாதப் பட்டியலில் எரிபொருளுக்கான மாறும் கட்டணம் ஒன்று இருக்கும். நிலையம் இயங்கத் தயாராக இருந்தாலே, ஒரு யூனிட்கூட வாங்காவிட்டாலும் செலுத்தியாக வேண்டிய நிலைக்கட்டணம் மற்றொன்று. கடன் கொடுக்கும் வங்கியின் கண் இரண்டாவதன்மேல்தான் இருக்கும். அந்தக் கட்டணம் டாலரோடு பிணைக்கப்பட்டிருந்தால், நாணயம் சரியும்போது சுமை முழுவதும் வாங்குபவரின் தலையில் விழும். இந்தோனேசியாவில் 1997-இன் நடுவில் டாலருக்கு ஏறத்தாழ 2,400 ரூபியாவாக இருந்த மதிப்பு, 1998 ஜனவரியில் 10,000-ஐத் தாண்டியது. ரூபியாவில் வசூலித்து டாலர் கணக்கில் செலுத்த வேண்டியிருந்த அரசு மின்நிறுவனம், ஒப்பந்தங்களைத் திருத்தக் கோரிப் பேச்சுவார்த்தைக்குப் போயிற்று. மகாராஷ்டிரத்தின் தாபோல் நிலையமோ, விலைத் தகராறு முற்றி 2001-இல் நின்றே போனது.

நாணயம் சரியாத நாட்டிலும் சிக்கல் உண்டு. 100 யூனிட் வாங்கும் பகிர்மான நிறுவனம் ஒன்று, கம்பி இழப்பிலும் திருட்டிலும் 20 யூனிட்டை இழந்து, எஞ்சிய 80-க்குப் பட்டியலிட்டு, அதில் பத்தில் ஒன்பது பங்கை வசூலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் சேர்வது 72 யூனிட்டுக்கான பணம்தான். கட்டணத்தை உயர்த்தவும் மானியம் கொடுக்கவும் அரசு தயங்கினால், உற்பத்தியாளருக்குப் பாக்கி விழுகிறது; அவர் எரிபொருள் நிறுவனத்துக்குப் பாக்கி வைக்கிறார். பாகிஸ்தானில் ‘சுழல்கடன்’ என்று பேசப்படுவது இந்தச் சங்கிலியைத்தான்.

சூரிய மின்சாரம் வந்தபின் இது தீர்ந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். எரிபொருள் செலவு இல்லைதான். ஆனால் செலவில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விழுவதால், யூனிட் விலையை வட்டி விகிதமே பெருமளவு தீர்மானிக்கிறது. அதே தகடு, அதே வெயில் என்றாலும், பாக்கி வைக்கும் நிறுவனத்துக்கு விற்கப்படும் மின்சாரத்துக்கு வங்கி கூடுதல் வட்டி கேட்கிறது.