செடியின் தண்டையும் சேர்த்துப் படமெடுங்கள்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பூக்களைத்தான் தேடிப் படமெடுக்கிறார்கள். எனக்கோ அங்கே வீட்டு வாசல்களில் தொட்டிகளிலும் பழைய தகர டப்பாக்களிலும் நிற்கும் வண்ண இலைச் செடிகள்தான் பெரிய செல்வம். மேகம் மூடிய காலை வெளிச்சம் அவற்றுக்கென்றே அமைந்தது. உச்சி வெயிலில் எடுத்தால் இலையின் வெள்ளைப் பகுதி வெளிறி, நரம்புகள் மறைந்துவிடும்.

ஒற்றை இலையைப் படமெடுத்து அனுப்பி "இது என்ன செடி?" என்று கேட்கும் நண்பர்களே, நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது! தோட்டத்துக் குரோட்டன்ஸ் சிவப்பு, மஞ்சள், புள்ளி, சுருள் என்று எத்தனை கோலம் காட்டினாலும் எல்லாம் ஒரே இனம்; அறிவியல் பெயர் கோடியேயம் வேரிகேட்டம். இன்னொரு வண்ண இலைச் செடியான கோலியஸுக்குத் தண்டு நான்கு பட்டையாக இருக்கும்; இலைகள் எதிரெதிராக வரும். அது துளசியின் குடும்பம், கற்பூரவல்லிக்கு இன்னும் நெருங்கிய உறவு. கலேடியம் என்ற வண்ண இலைச் செடி சேம்பின் சொந்தம். குழந்தைகள் அதைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும், கவனம்.

என் மனம் கவர்ந்தது பிகோனியா. இலையின் ஒரு பாதி பெருத்தும் மறு பாதி சிறுத்தும் இருப்பதே அதன் அடையாளம். அதன் வெள்ளித் திட்டுகள் சாயமே அல்ல! மேல்தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய காற்றிடைவெளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் பளபளப்பு அது. கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அந்த மினுக்கம் மாறுவதைக் காணலாம்.

சேலத்தில் உங்கள் மாடித் தோட்டத்தில் பெயர் தெரியாத வண்ண இலைச் செடி இருந்தால், தண்டும் இலையின் அடிப்புறமும் தெரியும்படி படமெடுத்து இங்கே பதியுங்கள். சேர்ந்து கண்டுபிடிப்போம்.