பைப்லைன் ரோட்டில் எறும்புக்குப் பின்னால்

பனாமாவுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் எப்படியும் வந்து சேர்கிற இடம் பைப்லைன் ரோடு. கம்போவா ஊரைத் தாண்டி சொபெரானியா தேசியப் பூங்காவுக்குள் நுழைகிற மண்பாதை, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் எண்ணெய்க் குழாய்க்காகப் போட்டது. டூக்கன், ட்ரோகன் என்று கண்ணைப் பறிக்கிறவை மேலே நிறையவே உண்டு. நான் போனது தரையை ஒட்டியே திரிகிற ஆன்ட்பேர்டுக்காக.

இதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் எறும்பைப் பிடிக்க வேண்டும். எசிட்டான் என்கிற படையெறும்பு லட்சக்கணக்கில் கிளம்பி, சருகுக்குள் புகுந்து முன்னேறும். அதற்குப் பயந்து வெளியே பாய்கிற கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி எல்லாவற்றையும் படைக்கு முன்னால் காத்திருந்து கொத்திக்கொள்வதுதான் இந்தப் பறவைகளின் பிழைப்பு. உழைப்பு எறும்புடையது, சாப்பாடு இவர்களுடையது!

வழிகாட்டி சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார். தூறல் விழுகிற மாதிரி சருகில் ஒரு சலசலப்பு, அப்புறம்தான் தரையே நகர்வது தெரிந்தது. பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நின்றோம் (செருகாமல் போகாதீர்கள், கடி பலமாக இருக்கும்). மெல்லிய செங்குத்துத் தண்டுகளைப் பக்கவாட்டில் பற்றியபடி, மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக பைகலர்டு ஆன்ட்பேர்டுகள். ஓரத்தில் 20 கிராம்கூட இல்லாத ஸ்பாட்டட் ஆன்ட்பேர்ட். கண்ணைச் சுற்றி நீலத் தோலோடு, இவற்றில் பெரியதான ஆசெலேட்டட் ஆன்ட்பேர்ட் வந்து இறங்கியதும் மற்றவை ஒதுங்கிவிட்டன. இரை அதிகமாகக் கிளம்புகிற நடு இடம் பெரியவருக்குத்தான். அந்த அதட்டலைப் பார்க்கவே வந்தது தகும்.

இத்தனை அதட்டுகிற ஆசெலேட்டட், பக்கத்திலேயே இருக்கும் பாரோ கொலராடோ தீவில் இன்று இல்லை. கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றை அணைகட்டித் தடுத்தபோது தீவாகிப்போன குன்று அது. எதிர்க்கரை ஒன்றும் தொலைவில்லை, ஆனால் அடர்காட்டுக்குள்ளேயே வாழ்கிற இந்த மாதிரிப் பறவைகளுக்குத் திறந்த தண்ணீரைக் கடப்பது பெரும்பாடு. அங்குள்ள காட்டுப்பறவைகள் சிலவற்றைப் படகிலிருந்து விட்டுப் பார்த்த ஆய்வில், சில இனங்களால் 100 மீட்டர்கூடத் தாண்ட முடியவில்லை. தீவில் ஒரு தடவை அழிந்தால் திரும்பி வர ஆள் இல்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: படையெறும்பு சுமார் 2 வாரம் தினமும் இடம் மாற்றி ஆவேசமாக வேட்டையாடும், அடுத்த 3 வாரம் போல ஒரே இடத்தில் தங்கிவிடும், சில நாள் வெளியேவே வராது. ஆன்ட்பேர்டுகளே பல எறும்புக் கூட்டங்களைக் கணக்கில் வைத்துக்கொண்டு, காலையில் எது கிளம்புகிறது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கின்றன. அதனால் சீக்கிரம் போங்கள், ஒரே ஒரு நாளை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.