கழனிக்கு ஒரு டெரியர்

"எலித் தொல்லை தாங்கவில்லை, ஜாக் ரஸ்ஸல் குட்டி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். பேச்சு ஆரம்பித்த உடனே "இம்போர்ட் நாய்தானே?" என்ற கேள்வியும் வந்துவிடும். குட்டியின் அம்மா வேலை செய்யுமா என்று கேட்பவர் அபூர்வம். எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

நான் ராணுவத்தில் குதிரை, நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ரிமவுண்ட் வெட்னரி கோர் என்ற பிரிவில் நாய்களோடு இருந்தவன். மீரட்டில் பயிற்சி, அப்புறம் எல்லைப் பக்கம் பணி. அங்கே என் கையில் இருந்தவை லாப்ரடார் மாதிரி பெரிய நாய்கள். ஓய்வு பெற்று, கணியம்பாடி பக்கம் சொந்த ஊருக்கு வந்து கழனியில் இறங்கிய பிறகுதான் சின்ன நாயின் அருமை தெரிந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று நம்மிடம் அருமையான நாய்கள் உண்டு. எல்லாம் கால் நீண்டவை, வெட்டவெளியில் ஓட்டத்துக்குப் பிறந்தவை. வரப்பு ஓரமாக மூக்கை வைத்து ஒவ்வொரு வளையாக மோந்து பார்த்து, வைக்கோல் போரின் அடியில் நுழைந்து, மில்லில் மூட்டை அடுக்கின் இடுக்கில் புகுந்து வரும் வேலை அவற்றுக்கு ஒத்து வராது. அதற்கு ஜாக் ரஸ்ஸல் மாதிரி டெரியர்தான் சரி, வளை தேடி வேட்டையாடவே வளர்த்தெடுத்த சின்ன நாய் வகை அது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேட்டை என்று நான் சொல்வது எலி வேட்டையை மட்டும்தான். முயல், உடும்பு, காட்டுப்பன்றி என்று யாராவது பேச்செடுத்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாக இருக்கிறது. உடும்பெல்லாம் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி. டெரியர் பிறந்த இங்கிலாந்திலேயே 2004-ல் சட்டம் போட்டு, நாயை வைத்துக் காட்டு விலங்கை வேட்டையாடுவதைத் தடுத்துவிட்டார்கள். எலிக்கும் அந்த ஊர்க் குழிமுயலுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதனால் அங்கே பண்ணைகளில் எலி பிடிக்கும் டெரியர்கள் இன்றைக்கும் வேலையில் இருக்கின்றன.

ஜாக் ரஸ்ஸல் என்பது ஒரு பாதிரியாரின் பெயர். ஜான் ரஸ்ஸல், 1795-ல் டெவன் மாவட்டத்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படிக்கும்போது ஒரு பால்காரரிடம் வெள்ளை நிறப் பெட்டை நாய் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினார், அதன் பெயர் டிரம்ப், அதிலிருந்துதான் இந்த வம்சம் என்று சொல்வார்கள். நரி வளைக்குள் போய், நரியை வெளியே கிளப்பிவிடுவதுதான் அந்த நாயின் வேலை. உள்ளேயே கடித்துக் கொல்லக் கூடாது. உடம்பு வெள்ளையாக இருந்தால் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரும்போது நரி என்று யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வளையில் நின்றபடி தொடர்ந்து குரைக்கும் நாய் ஒரு வகை, பாய்ந்து கவ்வும் நாய் இன்னொரு வகை. பாதிரியார் முதல் வகையைத்தான் விரும்பினார். நம் வேலூர் மண்ணுக்கு நாய் தேர்ந்தெடுக்கும்போது நான் பிடித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். காரணம், பாம்பு.

நம் கழனி வரப்பில் வளை தோண்டுவது பெரும்பாலும் பெருச்சாளி வகையைச் சேர்ந்த கருப்பு எலி. நெற்கதிரை வெட்டி இழுத்துக்கொண்டு போய் வளைக்குள் அறை அறையாகச் சேர்த்து வைக்கும். உள்ளே ஆள் இருந்தால் வாசலைப் புது மண்ணால் அடைத்து வைத்திருக்கும். அந்தக் குவியலைப் பார்த்தே உயிருள்ள வளை எது என்று சொல்லிவிடலாம். ஆனால் எலி விட்டுப்போன வளைக்குள் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் குடி வரும். இங்கிலாந்து வளர்ப்பாளர் பெருமையாகச் சொல்லும் "எதற்கும் பயப்படாத நாய்" நம் வரப்பில் ஓர் அறுப்புக்காலம் தாங்குவதே சந்தேகம். எனக்கு வேண்டியது, வளையைக் கண்டதும் நிற்கிற, குரல் கொடுத்துச் சொல்கிற, "வா" என்றால் அந்த நிமிடமே விட்டுவிட்டு வருகிற நாய்.

போன அறுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் எலி பிடிக்க வரும் இருளர் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓட்டைப் பானையில் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து வளைக்குள் புகை ஊதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என் நாய் பொட்டுவும் நானும் அவரோடு போயிருந்தோம். மேட்டு வரப்பில் ஒரு வளை முன்னால் பொட்டு நின்றாள். வழக்கமாக எலி இருந்தால் வால் விறைத்து நடுங்கும், முன்னங்காலால் ஒரு பிறாண்டல், குரைப்பு. அன்றைக்கு வால் தாழ்ந்திருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, பின்னங்காலில் எடையைப் போட்டு, தொண்டைக்குள்ளேயே உறுமினாள். நான் மண்வெட்டியை எடுத்தேன். பெரியவர் கையைப் பிடித்தார். "மிலிட்டரி, கொஞ்சம் நில்லு. வாசல்ல மண்ணு இல்ல பாரு. வழவழன்னு இருக்கு. இது எலி போற வழி இல்ல." நான் "பொட்டு, வா" என்றேன். வந்துவிட்டாள். சற்று நேரத்தில் வரப்பின் மறுபக்கத்து ஓட்டையிலிருந்து விரியன் ஒன்று மெதுவாக வெளியே வந்து கரும்புத் தோட்டத்துப் பக்கம் போனது. அதை யாரும் அடிக்கவில்லை, அதுவும் எலி தின்கிற ஜீவன்தானே. கூப்பிட்டதும் திரும்புகிற குணத்தைப் பாதி பழக்கலாம். மீதிப் பாதி பிறப்பிலேயே வர வேண்டும்.

இந்தப் பொட்டுவின் தாய்தான் இங்கிலாந்திலிருந்து வந்தது. என் அக்கா மகள் வேலூரில் நர்சிங் முடித்து, டெவன் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். அங்கே அவள் வளர்க்க நாய் பார்க்கும்போதே, பண்ணையில் எலி பிடிக்கும் பெற்றோருக்குப் பிறந்ததாகப் பார் என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் வீடியோ காலில், "மாமா, இதோட அம்மா பயந்த நாய் மாதிரி தெரியுது. பொந்துக்கு முன்னாடி நின்னு குரைக்குதே தவிர உள்ளே பாய மாட்டேங்குது" என்றாள். "அதுதாம்மா வேணும், அந்த ஈத்துலயே எடு" என்றேன்.

அப்படி எடுத்த குட்டிதான் டில்லி, பொட்டுவின் தாய். அவள் அங்கிருந்து மொத்தமாக ஊர் திரும்பும்போது டில்லியும் கூட வந்தது. சட்டப்படி அந்த வழிதான் சுலபம். 2013 ஏப்ரலில் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் நாய் இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டது. இனப்பெருக்கம் செய்து விற்பதற்காகக் கொண்டுவருவதைத் தடுப்பதுதான் நோக்கம். வெளிநாட்டில் குடியிருந்து திரும்புகிறவர் தன் சொந்த நாயை, ஒருவருக்கு இரண்டு வரை, கொண்டுவரலாம். மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அந்த நாட்டு அரசுக் கால்நடை அலுவலரின் உடல்நலச் சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். சென்னைக்கு வருவதென்றால் பள்ளிக்கரணையில் இருக்கும் விலங்குகள் தனிமைப்படுத்தல் நிலையத்தில் தடையில்லாச் சான்று முன்கூட்டியே வாங்க வேண்டும். "எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன், பணத்தை மட்டும் போடுங்க" என்று சொல்லும் தரகரை நம்பாதீர்கள். யாருக்கும் ஒரு ரூபாய் அனுப்பும் முன் அந்த நிலையத்திலேயே இன்றைய விதியைக் கேளுங்கள். மார்கழியில் வருகிற மாதிரி டிக்கெட் போடச் சொன்னேன். குளிர் நாட்டு நாயைச் சித்திரை வெயிலில் வேலூரில் இறக்குவது பாவம். இப்போதும் எங்கள் வேலை பொழுது விடியும்போது தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.

ஆனால் எல்லோருக்கும் இங்கிலாந்தில் அக்கா மகள் இருக்க மாட்டாள், தேவையும் இல்லை. இங்கேயே பிறந்த குட்டி போதும். தாயைக் கழனியிலோ மில்லிலோ வேலை செய்ய வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள், பரம்பரைச் சான்றிதழ் எத்தனை பக்கம் இருந்தாலும் சரி. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017 விதி இருக்கிறது. வெள்ளை அதிகமுள்ள குட்டிகளில் காது கேளாமை வருவதுண்டு, அதனால் அது பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

வளர்ந்த நாய் என்றால் மார்பைக் கையால் அளக்க வேண்டும். பின்னாலிருந்து இரண்டு கைகளையும் முன்னங்காலுக்குப் பின்புறம் கொடுத்து, கட்டைவிரல்கள் முதுகின் மேல் சேர, மற்ற விரல்கள் மார்புக்கு அடியில் சந்திக்க வேண்டும். நரி வளைக்குள் போகும் நாய்க்கு மார்புச் சுற்றளவு சுமார் 14 அங்குலம் என்பது இங்கிலாந்துக்காரர்கள் கணக்கு. நம் எலி வளைக்குள் எந்த நாயும் முழுதாக நுழையாது. ஆனாலும் நான் அளந்து பார்ப்பேன். அந்த விலாக்கூடு லேசாக அழுத்தினால் விட்டுக்கொடுக்க வேண்டும். பீப்பாய் போல் உருண்டு இறுகியிருந்தால் மூட்டை இடுக்கில் மாட்டிக்கொள்ளும், மூச்சும் சீக்கிரம் வாங்கும்.

எலி விஷம் வைத்த கழனிக்கு நாயைக் கூட்டிப் போகவே கூடாது. பக்கத்துக் கழனிக்காரரிடமும் கேட்டுக்கொண்டுதான் இறங்குவேன். புரோமாடியோலோன் என்ற விஷக் கேக் தின்ற எலியைத் தின்றால் நாய்க்கு ரத்தம் உறையாது, அறிகுறி தெரியவே சில நாள் ஆகும். நேரத்தோடு தெரிந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். சிங்க் பாஸ்பைடு என்றால் முறிவு மருந்தே கிடையாது. எலிக்காய்ச்சலுக்கு நாய்க்கு வருடா வருடம் ஊசி போட வேண்டும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் நாமும் வெறுங்காலோடு சேற்றில் நிற்கக் கூடாது, அந்தக் கிருமி எலியின் மூத்திரத்திலிருந்து நமக்கும் வரும்.

பொட்டுவின் குட்டிக்காகச் சிலர் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆற்காட்டில் ஒரு ஆண் நாய் பார்த்திருக்கிறேன், வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த இனத்தில் கண்ணின் லென்ஸ் இடம் பெயர்ந்து பார்வையே போகும் நோய் பரம்பரையாக வருகிறது. தாய், தகப்பன் இரண்டும் அந்த மரபணுவைச் சுமந்தால் குட்டிகளில் சில குருடாகலாம். பொட்டுவிடம் அந்த மரபணு இல்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டது. ஆனாலும் தகப்பன் வழியாகக் குட்டிகள் அதைச் சுமந்து அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஆண் நாயின் வாயில் பஞ்சால் துடைத்து எடுத்த சாம்பிள் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. அந்த முடிவு வருகிற வரைக்கும் ஜோடி சேர்க்கப் போவதில்லை, யாரிடமும் முன்பணமும் வாங்கப் போவதில்லை.