இரண்டு முறை தட்டிவிட்டான்

அந்த இல்லத்தில் அப்போது 22 பேர். எல்லோரும் அறிவுசார் குறைபாடுள்ள ஆண்கள்; பலருக்கு வலிப்பும் உண்டு. காலை 8 மணிக்குள் இட்லியும் மாத்திரையும் முடிந்தாக வேண்டும். அதனால் முதல் நாள் இரவே அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து, பாட்டில் மூடிகளில் போட்டுத் தட்டில் அடுக்கிவிடுவோம். மூடியில் மார்க்கரால் பெயர். தினமும் கழுவிக் கழுவி எழுத்து மங்கிக்கொண்டே வரும். அலமாரிக் கதவில் ‘சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம்’ என்று ஒரு தாள். ஒட்டியதே நான்தான்.

அன்று காலை அவன் வாயைத் திறக்கவில்லை. அவனுக்குப் பேச்சு வராது. 30 வயது, எங்களுக்கெல்லாம் ‘தம்பி’. மூடியை நீட்டினேன்; எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டான். மறுபடி நீட்டினேன், மறுபடி தட்டினான். சரி, இன்றைக்கு அடம் என்று மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி, இட்லியோடு பிசைந்து ஊட்டினேன். என்னை நம்பிச் சாப்பிட்டுவிட்டான்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவனுக்குக் கொடுப்பது வால்ப்ரோயேட் 500 மி.கி., வலிப்புக்கான மருந்து, மெதுவாக இறங்கும் வகை. நீளமான மாத்திரை. நசுக்கவே கூடாது, நசுக்கினால் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான். அன்று நசுக்கியதோ சின்னதாக, வட்டமாக, ஒரே அழுத்தில் மாவாகிப்போனது.

10 மணிக்கு பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிவிட்டான். போய்த் தட்டைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தவருக்கு எடுத்துவைத்த மூடியில் நீளமான மாத்திரை கிடந்தது. அவருடைய ரிஸ்பெரிடோன் 2 மி.கி., மனநல மருந்து, தூக்கம் வரவைப்பது, இவன் வயிற்றில்.

டாக்டர் போனில் திட்டவில்லை. சட்டென்று எழுப்பி நிற்கவைக்க வேண்டாம், பிரஷர் இறங்கும். நன்றாக விழிக்கும்வரை வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், புரையேறும். விழித்ததும் அவனுடைய மாத்திரையைக் கொடுங்கள், விட்டுப்போனால் வலிப்பு வரலாம் என்றார். சாயங்காலம்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பதிவேட்டில் எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது. ‘மாத்திரை மாறிவிட்டது’ என்று எழுதினேன். மாத்திரை தானாக மாறுமா என்ன? அடித்துவிட்டு ‘மாற்றிக் கொடுத்துவிட்டேன்’ என்று எழுதினேன். கீழே, ‘அவன் இரண்டு முறை மறுத்தான்.’

மூடிகளைத் தூக்கிப் போட்டாயிற்று. இப்போது அட்டையோடு அவரவரிடம் போய், அவர் முன்னால்தான் பிரிக்கிறோம். இட்லி ஆறித்தான் போகிறது. சில மாதம் கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்துவிடுவார், நிறம் மாறியிருக்கும். தம்பி தட்டிவிடுவான். நான் அட்டையைத் திருப்பி, பெயரை மருந்துச் சீட்டோடு ஒத்துப்பார்த்து, அவனிடமும் காட்டுவேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான்.