எந்த ஆல்டன்பர்க்? ஒரு போதகரைத் தேடிய அனுபவம்

கட்டணம் கட்டி வாரக்கணக்கில் காத்திருந்தபின் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தது வேறொரு ஊரின் பதிவேடு. பின்னாளில் அமெரிக்காவில் குடியேறிய லூத்தரன் போதகர் சி. எஃப். டபிள்யூ. வால்தர் (கார்ல் ஃபெர்டினாண்ட் வில்ஹெல்ம்) 1837-ல் பொறுப்பேற்ற ப்ராய்ன்ஸ்டார்ஃப்தான் எனக்கு வேண்டும். ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் அந்தப் பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. அவருடையது லிம்பாக்-ஓபர்ஃப்ரோனா பக்கம். எனக்கு வந்ததோ ஃப்ரைபெர்க் பக்கத்து ஊருடையது. பக்கத்து ஊரின் பெயரையும் சேர்த்துத்தான் விண்ணப்பித்திருந்தேன். “நகல் அனுப்பியாயிற்று, கட்டணம் திரும்பாது” என்று பதில் வந்தது. நல்ல மனிதர்கள்!

எங்கள் சபை மலருக்காகத்தான் இவ்வளவு பாடு. வால்தர் முதல் தலைவராக இருந்த மிசூரி சினாடு என்ற அமெரிக்க லூத்தரன் திருச்சபைதான் 1895-ல் கிருஷ்ணகிரியில் மிஷன் பணியைத் தொடங்கியது.

1811-ல் லாங்கன்குர்ஸ்டார்ஃபில் பிறந்த வால்தருக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடி நகராட்சிக்கு எழுதாதீர்கள். ஜெர்மனி முழுமைக்கும் அரசுப் பதிவு வந்ததே 1876-ல். அதற்கு முன் சபையின் ஞானஸ்நானப் பதிவேடுதான். கப்பல் விவரத்துக்கு ஜெர்மனியின் ப்ரெமன் துறைமுகத்தையும் நம்ப வேண்டாம். பழைய பயணிகள் பட்டியல்களை இடமில்லை என்று அழித்துவிட்டார்கள். அமெரிக்காவில் அவர்கள் இறங்கிய நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தின் வருகைப் பட்டியல்களைப் பாருங்கள். சாக்சனி லூத்தரன்கள் அமெரிக்காவில் குடியேற 1838 நவம்பரில் கிளம்பிய ஐந்து கப்பல்களில் வால்தர் ஏறியது ‘யோஹன் கியோர்க்’. ‘அமாலியா’ கரை சேரவே இல்லை.

பெயர்க் குழப்பம் அமெரிக்காவிலும் விடவில்லை. மிசூரியின் பெரி கவுண்டியில் குடியேறியவர்கள் ஆல்டன்பர்க், விட்டன்பர்க், டிரெஸ்டன், ஃப்ரோனா என்று சொந்த நாட்டுப் பெயர்களையே வைத்துவிட்டார்கள். 1841 ஏப்ரலில் நடந்த ஆல்டன்பர்க் விவாதம் பற்றிய தாள்களைக் கேட்டு ஒரு காப்பகத்துக்கு நேரில் போனேன். மேசைக்கு வந்த பெட்டி முழுக்க ஜெர்மனியின் ஆல்டன்பர்க்! “ஆல்டன்பர்க் என்றுதானே கேட்டீர்கள்?” என்றார் அங்கிருந்தவர். மதிய உணவு முடிந்து அவருடைய மேலதிகாரி வந்தபிறகே சரியான பெட்டி வெளியே வந்தது. அதற்குள் மூடும் நேரம். போன நாள் வீண்.

அந்த விவாதம் இல்லாமல் வால்தரின் கதையே இல்லை. குடியேறிகளை அழைத்து வந்த மார்ட்டின் ஸ்டீஃபன் 1839 மே மாதம் ஒழுக்கக் குற்றச்சாட்டில் நீக்கப்பட்டார். படகில் ஏற்றி மிசிசிப்பி ஆற்றின் அக்கரையில் விட்டார்கள். தலைவனே போனபின் நாம் ஒரு திருச்சபைதானா, நம் போதகர்களுக்கு அதிகாரம் உண்டா என்று மக்கள் தவித்தார்கள். வழக்கறிஞர் மார்பாக் இல்லை என்று வாதாட, 29 வயது வால்தர் உண்டு என்று நிலைநாட்டினார். விவாதம் நடந்த அதே 1841-ல் செயின்ட் லூயிஸ் சபைக்குப் போதகரானார். 1847-ல் சினாடு உருவானது, 1887-ல் அவருடைய மரணம் எல்லாம் அச்சுப் புத்தகங்களிலேயே கிடைத்துவிட்டன.

இன்னொன்று, கையெழுத்து. பழைய ஜெர்மன் குர்ரென்ட் எழுத்தில் ‘இ’ (e) பார்க்க ‘என்’ (n) மாதிரியே இருக்கும். முதல் பக்கம் படிக்கவே உயிர் போயிற்று. ஆனால் ஒரு வரி முழுதாகப் புரிந்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, அது வேறு விஷயம்.

அட்டவணையில் தேடும்போது கார்ல் என்பதை ‘சி’, ‘கே’ இரண்டு எழுத்திலும் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஃபெர்டினாண்ட் என்றும் தேடுங்கள். வீட்டில் அவரை அப்படித்தான் அழைத்திருக்கிறார்கள்.